நிம்மிக்கு ஒன்பது வேளை

1

நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து வந்த தாஸ், கோடு போட்ட புது நோட்டு ஒன்றைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். தாஸ் என் கணவர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பெயர் சொன்னாலும் உங்களில் யாருக்கும் தெரியாத ஒரு தொழிற்சாலை ஊரில் பஸ் கண்டக்டராக இருக்கிறார். நான் இங்குள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"போன தடவை மாதிரியே பிளேன் சாப்பாட்டுக்கு ஒரு லிஸ்ட் போட்டு வச்சிடு ஸ்டெல்லா. இந்தத் தடவை கைக்குழந்தைதானே, பால் பாட்டிலோட முடிஞ்சிடும்" என்றார்.

எனக்கு இது ஐந்தாவது மாதம். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனதும் ஓசூர் பக்கத்தில் இருக்கும் கெலமங்கலத்துக்குக் கொண்டுபோய் என் அக்காவிடம் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு செய்தது அவர்தான். ஆனால் பழியை முழுக்க அவர் தலையில் போட முடியாது. அவர் சொன்னபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்டுவிட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

இன்றோடு நானும் என் மூத்த மகள் நிம்மியும் பம்பாயில் விமானம் ஏறி ஒரு வருஷம். காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. யூனிபாரத்தை இரண்டு முறை இஸ்திரி போட்டேன். நோட்டைத் திறந்து 'பால் பவுடர்' என்று ஒரு வரி எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. மீதிப் பக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

பெற்ற பிள்ளையை எட்டு மாதத்தில் யாரிடமாவது விட்டுவிட்டு எப்படி இருந்தாய் என்று ஊரில் பலர் கேட்டார்கள். சிலர் கேட்காமல் கேட்டார்கள். அது இன்னும் மோசம்.

இருந்தேன், அவ்வளவுதான். நிம்மி பிறந்தபோது இங்கே எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது ஓர் அறை. வீட்டுக்காரம்மாவுக்குப் பிள்ளை அழும் சத்தம் ஆகாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் பெயர் பதியப் போனேன். நான்கு பக்கப் பாரம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் 'குழந்தையைக் கவனிக்க உறவினர் உண்டா' என்று ஒரு கேள்வி. உண்டு என்று எழுதி அக்காவின் பெயரைப் போட்டேன். எங்கே இருக்கிறார் என்று பாரம் கொடுத்த அம்மாள் கேட்டார். கெலமங்கலம் என்றேன். அது எந்த பஸ் ரூட் என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நான் சிரித்துவிட்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் அழுதேன். பெயர் எழுதிக்கொண்டார்கள். இடம் வரவே இல்லை.

எங்கள் வார்டில் மட்டும் என்னோடு சேர்த்து இப்படி மூன்று பேர். ஒருத்தியின் பிள்ளை ஜமைக்காவில், இன்னொருத்தியினுடையது கேரளத்தில். டீ நேரத்தில் போட்டோவை எடுத்துப் பார்ப்போம். யாராவது ஒருத்தி முதலில் எடுத்தால் மற்றவர்களும் எடுப்போம். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசமாட்டோம்.

அக்கா அருளம்மா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்தான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பையன்கள் இரண்டு பேரும் கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள். "வூட்ல சத்தமே இல்ல, குடுத்துட்டுப் போடி. ஒரு வருசத்துல குண்டாக்கித் தரேன்" என்று சொல்லித்தான் நிம்மியை வாங்கிக்கொண்டாள். ஒரு வருஷம் ஒன்றரை வருஷமாகிவிட்டது.

3

நான் திரும்பிப் போனபோது நிம்மிக்கு இரண்டே கால் வயது. அக்காவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருன்னு சொல்லு பாக்கலாம்?" என்று அக்கா கேட்டாள்.

"ஸ்டெல்லா" என்றாள் நிம்மி.

வீட்டில் என் போட்டோவைக் காட்டிக் காட்டி அக்கா சொல்லிவைத்திருந்த பெயர் அது. 'இது உன் அம்மா' என்றும் சொல்லித்தான் இருக்கிறாள். பிள்ளை இரண்டில் தனக்கு ஒத்துவந்ததை வைத்துக்கொண்டது. அம்மா என்ற பெயர் ஏற்கெனவே ஒருத்திக்குப் போயிருந்தது.

எனக்கு ஐந்து வாரம் லீவு. முதல் நாளே நோட்டைத் திறந்துவிட்டேன். எங்கள் வார்டில் ஒவ்வொரு குழந்தையின் கட்டிலிலும் ஒரு அட்டை தொங்கும். எத்தனை மணிக்கு, என்ன கொடுத்தது, எவ்வளவு உள்ளே போயிற்று என்று அதில் எழுதுவோம். அதே மாதிரி கட்டம் போட்டேன். பெங்களூரில் ஒரு சின்ன விமானம், பம்பாயில் பெரியது, நடுவில் இரண்டு ஊர்களில் இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைக்குக் காது வலிக்கும். அந்த நேரத்தில் எதையாவது விழுங்கிக்கொண்டிருந்தால் வலி தெரியாது. ஆகவே பசிக்கு ஏற்றபடி அல்ல, விமானம் ஏறி இறங்குவதற்கு ஏற்றபடி சாப்பாட்டை வைத்தேன். மொத்தம் ஒன்பது வேளை. இட்லி பம்பாய் வரை தாங்கும். அதன்பிறகு முளைகட்டி வறுத்து அரைத்த கேழ்வரகு மாவு (எங்கள் பேச்சில் கேவுரு), வெல்லப்பொடி, விமானத்தில் கேட்டு வாங்கும் வெந்நீர். இடையிடையே பொரிகடலை, வாழைப்பழம். வயிறு ஏதாவது செய்தால் ஓமத் தண்ணீர். கையில் வைத்துக் கடிக்க முறுக்கு.

அக்கா எட்டிப் பார்த்தாள். "எல்லாம் சரிதான். பஸ்ஸு எங்கே?"

"என்ன பஸ்ஸு?"

"பஸ்ஸு இல்லாம உன் மவ வாயத் தெறக்க மாட்டாளே."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை பார்த்தேன். கிண்ணத்தில் கேவுருக் கூழைப் பிசைந்து எடுத்துக்கொண்டு, நிம்மியை இடுப்பில் வைத்து, அக்கா ரோட்டோரம் போய் நின்றாள். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் பஸ் வந்தது. "அதோ பார்றா பஸ்ஸு!" நிம்மி வாயைத் திறந்தாள். ஒரு வாய் போயிற்று. பிறகு ஒரு மாட்டு வண்டி, அதற்கு ஒரு வாய். கொத்தமல்லிக் கட்டுகளோடு சந்தைக்குப் போன கன்னடக்காரம்மா ஒருத்தி நின்று கொஞ்சினாள், அதற்கு ஒரு வாய். யாராவது உற்றுப் பார்த்தால் அக்கா கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொள்வாள், கண்பட்டுவிடும் என்று. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிறவள்தான்.

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துச் சாப்பிடப் பழக்க வேண்டும், ரோட்டில் வேடிக்கை காட்டி ஊட்டுவது கெட்ட பழக்கம் என்று பெரிய பிரசங்கம் செய்தேன்.

"மேல பறக்கும்போது என்னத்தக் காட்டி ஊட்டுவே? மேகத்தையா?" என்று மட்டும் கேட்டாள் அக்கா.

அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. அன்றிலிருந்து நானே ஊட்ட ஆரம்பித்தேன். நிம்மி நாற்காலியில் உட்கார்ந்தாள். என் கை வாயருகே போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு "பேடா" என்றாள். அக்கம்பக்கத்தில் கற்ற கன்னடம், வேண்டாம் என்று அர்த்தம். கெஞ்சினேன், கொஞ்சினேன், மிரட்டினேன். பேடா. இரண்டு வாரம் என் நோட்டில் கட்டத்துக்குக் கட்டம் 'மறுத்தாள்' என்றே எழுதினேன். வார்டில் ஒரு குழந்தையின் அட்டையில் இப்படி இருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.

4

இடையில் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது, நிம்மியின் புதுப் படத்தை என் பாஸ்போர்ட்டில் ஒட்டி முத்திரை வாங்க. என்னோடு மட்டும் வரமாட்டாள் என்பதால் அக்காவும் கூட வந்தாள். மின்விசிறி ஓடாத ஓர் அறையில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நிம்மி அக்காவின் மடியில் தூங்கி எழுந்தாள்.

அதிகாரி நல்ல மனிதர்தான். பாரத்தைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, "பாப்பா, அம்மா எங்கே?" என்றார்.

நிம்மி அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இதோ" என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறப்புச் சான்று கேட்டார், திருமணச் சான்று கேட்டார், தாஸின் கடிதம் கேட்டார். எல்லாம் இருந்தன. திருடிக்கொண்டு போகிறவள் மாதிரி, அவர் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அக்கா எழுந்து நின்றாள். "சார், பெத்தவ அவதான் சார். நான் சும்மா பாத்துக்கிட்டவ" என்றாள். அந்த 'சும்மா'வை அவள் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. முத்திரை விழுந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அக்கா நிம்மியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். வாணியம்பாடி தாண்டியபிறகு, "அங்க ஏரோப்ளேன்ல இந்த மாதிரி யாராச்சும் கேட்டா என்னா பண்ணுவே?" என்றாள்.

"எல்லாக் காகிதமும் இருக்கு அக்கா."

"காகிதம் இருக்குதுடி. புள்ள பட்டினி கெடந்தா?"

5

அதற்கு அடுத்த வாரம் அதிசயம் நடந்தது. அப்போது அதிசயம் என்றுதான் நினைத்தேன்.

காலை பஸ் வந்தது. அக்கா வழக்கம்போல ரோட்டோரம் நின்று ஊட்டினாள். முதல் வாயிலேயே நிம்மி முகத்தைச் சுளித்துத் துப்பினாள். மறுபடி கொடுத்ததும் 'ஓ'வென்று அழுதாள். மத்தியானமும் அதே கதை. மறுநாள் அக்கா கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "எனக்கு வேலை கெடக்குது, நீ ஊட்டுடி" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

நான் ஊட்டினேன். நிம்மி என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பசி. வாயைத் திறந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டே நாளில் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டாள். அக்கா அருகில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டம் கட்டமாக 'சாப்பிட்டாள்' என்று எழுதினேன். சும்மா இருந்திருக்கலாம், அக்காவைச் சீண்டினேன். "பாத்தியா அக்கா? டைம்டேபிள் போட்டா புள்ள தன்னால வழிக்கு வரும்."

"ஆமா, படிச்சவ இல்ல நீ" என்றாள்.

அவள் அருகில் வந்தபோது ஒரு வாடை அடித்தது. "என்ன உன் கையில வேப்பெண்ணெய் நாத்தம்?" என்று கேட்டேன்.

"மாட்டுக்குப் புண்ணு. தடவுனேன்."

நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பெங்களூர் விமான நிலையத்தில் அக்கா நிம்மியைத் தூக்கவில்லை, முத்தம் கொடுக்கவில்லை. தூரத்தில், கம்பி வேலியருகே அத்தான் பக்கத்தில் நின்றாள். என்ன கல்நெஞ்சம் என்றுகூட நினைத்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

6

விமானத்தில் என் திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்தது. பெங்களூரில் ஏறும்போது இட்லி, பம்பாயில் இறங்கும்போது பொரிகடலை. பெரிய விமானம் கிளம்பியபோது வாழைப்பழம். விமானப் பணிப்பெண் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். கேவுரு மாவைக் கரைத்தேன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் அந்தக் கறுப்புக் கூழை எட்டிப் பார்த்தார்கள். என்னை அறியாமல் கிண்ணத்தை முந்தானையால் மூடினேன். பஸ் இல்லை, மாட்டு வண்டி இல்லை, மேகத்தைக்கூடக் காட்ட வேண்டியிருக்கவில்லை. நிம்மி சாப்பிட்டாள்.

"எவ்வளவு சமர்த்தான குழந்தை!" என்றாள் பணிப்பெண்.

நான்காவது வேளையோ ஐந்தாவதோ, அப்போதுதான் கவனித்தேன். வாயருகே கையைக் கொண்டுபோனதும் நிம்மி உடனே வாங்கவில்லை. நாக்கு நுனியை நீட்டி என் விரலைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு நொடி பொறுத்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். அடுத்த வாய்க்கும் அப்படியே. ஒவ்வொரு வாய்க்கும் அப்படியே.

ஏன் இப்படிச் செய்கிறாள் என்று யோசித்தேன். சட்டென்று நினைவுக்கு வந்தது: அக்கா வீட்டில் மாடு கிடையாது. பாலைப் பக்கத்து வீட்டில்தான் வாங்குகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவுவார்கள். கசந்துபோய்ப் பிள்ளை தானாக விலகும். ஒவ்வொரு தாயும் செய்வதுதான். அக்கா அதைத் தன் விரல்களுக்குச் செய்திருக்கிறாள். பஸ்ஸைக் காட்டி, வாயைத் திறக்கவைத்து, ஒன்றரை வருஷமாகத் தன்னை நம்பித் திறந்த வாயில் கசப்பை வைத்திருக்கிறாள். என் பிள்ளை ஆகாயத்தில் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக, அந்தப் பிள்ளைக்குத் தன்னைப் பிடிக்காமல் பண்ணிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துப் படிச்சவ என்றாள்.

இறங்கி ஓடலாமா என்று தோன்றியது. எங்கே இறங்குவது? மீதி வேளைகளையும் ஊட்டினேன். ஒன்பது கட்டத்திலும் 'சாப்பிட்டாள்' என்று எழுதினேன். அப்படி ஒரு வெற்றி யாருக்கும் வர வேண்டாம்.

7

இந்த ஒரு வருஷத்தில் நிம்மி கன்னடத்தை மறந்துவிட்டாள். தமிழும் கழன்றுகொண்டிருக்கிறது. இப்போது கரண்டியால் சாப்பிடுகிறாள், அவித்த உருளைக்கிழங்கு கேட்கிறாள், கேவுரு மாவைப் பார்த்து மண்ணா என்கிறாள். என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். வந்த புதிதில் ஜன்னலோரம் நின்று பஸ் போகும்போதெல்லாம் வாயைத் திறப்பாள். நான் ஓடிப்போய் எதையாவது ஊட்டுவேன். தை மாதம் வாக்கில் அதுவும் நின்றுபோயிற்று.

அக்கா மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். ஓசூரில் தொழிற்சாலைகள் வரப்போவதாகப் பேச்சு, தளியில் கோசு நன்றாக விளைந்திருக்கிறது, பையன் கணக்கில் பெயில் என்றெல்லாம் எழுதுவாள். கடைசியில் 'பாப்பா சாப்புடுதா?' என்று ஒரே கேள்வி. 'என்னைத் தேடுதா?' என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நானும் 'நன்றாகச் சாப்பிடுகிறாள்' என்று எழுதுவதோடு சரி. வேப்பெண்ணெயைப் பற்றி எழுதப் பலமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

இன்று அடக்க முடியவில்லை. ஏர் லெட்டர் ஒன்றை எடுத்து, இரண்டாவது குழந்தை வரப்போவதையும் தாஸ் செய்திருக்கும் ஏற்பாட்டையும் எழுதி, உன்னால் முடியுமா அக்கா என்று கேட்டேன். மடிப்பின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில், 'உன் வீட்டில் மாடு இல்லை என்பது எனக்குப் பிளேனில்தான் உறைத்தது' என்று எழுதினேன். ஒட்டினேன். மனசு மாறுவதற்குள் மழையில் நனைந்துகொண்டே போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

8

மேலே உள்ளதை எழுதி மூன்று வாரம் ஆகிறது. இந்த மூன்று வாரமும் தபால்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் நான் கதவருகேதான். வார்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்ததை மறந்து மறுபடியும் பார்த்தேன். வார்டின் தலைமை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். முடியும் என்று அக்கா எழுதிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. முடியாது என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது.

இன்று காலை கடிதம் வந்தது. நின்றபடியே படித்தேன். பிறகு தாஸை எழுப்பி அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "பஸ் டிப்போவில் வேற ஷிப்ட் கேட்டுப் பாக்கறேன். நீ காலையில போனா நான் சாயங்காலம் போறேன். எப்படியாவது சமாளிப்போம்" என்றார். நோட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

அக்கா எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"ஸ்டெல்லாவுக்கு அக்கா எழுதுவது. சேதி கேட்டு ரொம்ப சந்தோஷம். நல்லாத் தின்னு, கனமா எதையும் தூக்காதே. நீ என்னாத்தையோ நெனச்சிக்கினு எழுதியிருக்கே. நான் தடவுனது பக்கத்து வூட்டு மாட்டுக்கு. பாப்பா உன்கிட்ட வந்தது பெத்தவன்னு தெரிஞ்சு வந்தது. மனசப் போட்டு ஒழப்பிக்காதே. அடுத்த புள்ளைய வளக்க முடியுமான்னு கேட்டிருக்கே. முடியும். ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்குது. ஆனா அனுப்பாதேடி. அனுப்புனா இந்தத் தடவ திருப்பிக் குடுக்க மாட்டேன்."